முன்பக்க இடது டயர்

மெதுவாத் திரும்பிப் பாருங்கக்கா. உடனே பாக்காதீங்க. கடைசிக்கு முந்தின சீட்டு, பச்சைச் சேலை, மடியில பை. பாத்தீங்களா? பஸ் ஸ்டாண்டுல முன்படியில ஏற வந்த ஆளு, என்னைப் பாத்ததும் அப்படியே பின்படிக்குப் போயிருச்சு. அது ராயம்மா. எங்க ஸ்கூல்ல வாட்ச்மேனா இருந்த இன்னாசி அண்ணனோட சம்சாரம். பதினாலு வருசம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. என் ரெண்டாவது பிரசவத்துக்கு என் தலையை மடியில வச்சுக்கிட்டு ஜீப்புல மலை எறங்கின மனுஷி அது. இப்ப மொகம் குடுக்க மாட்டேங்குது.

நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. நீங்க இந்த ஊர் இல்ல, வத்தலக்குண்டுல எறங்கி வேற பஸ் மாறிப் போறவங்க. உங்ககிட்ட சொன்னா ஒண்ணும் ஆகாது.

என் பேரு அமலோற்பவம். அமலான்னுதான் கூப்பிடுவாங்க. வேலையச் சொன்னா சிரிக்கக் கூடாது. புல்லு வெட்டுறேன். அருவாள்ல இல்லக்கா, வண்டியில உக்காந்து. மேல ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கு, வெளியூர்ப் பிள்ளைங்க தங்கிப் படிக்கிறது. அங்க மூணு கிரவுண்டு. வெட்டுறதுக்குன்னே ஒரு வண்டி, சின்ன டிராக்டர் கணக்கா இருக்கும், சீட்டு, ஸ்டியரிங் எல்லாம் உண்டு, அடியில பிளேடு சுத்தும். மோவர்னு சொல்லுவாங்க.

அதை பதினோரு வருசம் எங்க வீட்டுக்காரருதான் ஓட்டினாரு. சவரியப்பன். நான் அப்ப ஸ்கூல் சமையக்கட்டுல காய் நறுக்கிட்டு இருந்தேன். சாயந்தரம் அவருக்கு டீ கொண்டு போவேன். ஆளில்லாத நேரமாப் பாத்து, "ஏறு, ஓட்டிப் பாரு"ம்பாரு. விளையாட்டாக் கத்துக் குடுத்தாரு. நானும் விளையாட்டாத்தான் கத்துக்கிட்டேன்.

போன வருசம் ஜூன் மாசம், கேஸ் சிலிண்டரைத் தூக்கினவரு அப்படியே உக்காந்துட்டாரு. இடுப்புல டிஸ்க் நகர்ந்திருச்சுன்னாங்க. மூணு மாசம் வண்டியில உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஜூன்ல எங்க மலையில புல்லு எப்படி வளரும் தெரியுமா? ஒரு வாரம் விட்டா முழங்காலு. ஆகஸ்ட்டு கடைசில ஸ்போர்ட்ஸ் டே. மேனேஜர் வரதராசன் சார் தலையில கை வச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் போயி, "சார், எனக்கு ஓட்டத் தெரியும்"னேன்.

முதல்ல சிரிச்சாரு. ஓட்டிக் காமிச்சேன். அப்புறம் சிரிக்கல.

அக்கா, பொய் சொல்லக் கூடாது, அந்த மாதிரி ஒரு சந்தோசம் என் வாழ்க்கையில வந்ததில்ல. பிள்ளைங்க கிளாஸ் ரூம் சன்னல்ல இருந்து கை ஆட்டுங்க. டீச்சர்மாரு நின்னு பாப்பாங்க. புல்லு வெட்டினா கோடு விழும், ஒரு பட்டை கரும்பச்சை, ஒரு பட்டை வெளிர்பச்சை. நான் போடுற கோடு நூல் புடிச்ச மாதிரி இருக்குன்னு மேனேஜர் சார் சொன்னாரு. "சவரி பதினோரு வருசம் ஓட்டினான், இப்படி ஒரு நாள் பாத்ததில்ல அமலா"ன்னாரு.

எங்க குவார்ட்டர்ஸ் சன்னல்ல இருந்து பெரிய கிரவுண்டு தெரியும். அவரு கட்டிலை சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கிட்டு பாத்துக்கிட்டே படுத்திருப்பாரு. சாயந்தரம் வந்ததும் அன்னன்னைக்கு யாரு என்ன சொன்னாங்கன்னு ஒண்ணு விடாம அவருகிட்ட சொல்லுவேன். மேனேஜர் இப்படிச் சொன்னாரு, பி.டி. சார் இப்படிச் சொன்னாரு, உங்களைவிட நான் நல்லா ஓட்டுறேனாம்னு. படுத்தே கெடக்குற மனுஷன், பொண்டாட்டியைப் பத்தி நாலு நல்ல வார்த்தை கேட்டா தெம்பா இருக்குமேன்னுதான். அவரு, "வலது பக்கம் ஓரம் விட்டுட்ட"ம்பாரு. சில நாளு சுவரைப் பாத்துப் படுத்துக்குவாரு. வலி அப்படி.

ஜூலையில முன்பக்க இடது டயர் எறங்கிச்சு.

முதல் தடவை நெஜமாவே பஞ்சர்தான். சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தா ஒரு இடத்துல குமிழி வந்துச்சு. முள்ளு. கீழ பஜார்ல ஜபருல்லா பாய் பஞ்சர் கடை வச்சிருக்காரு, அவருகிட்ட ஓடினேன். டியூப் இல்லாத டயர் அது. முள்ளைப் புடுங்கிட்டு, ஓட்டையை ஊசியால கொடஞ்சு, பிசின் தடவின ரப்பர் திரியை உள்ள சொருகி, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிறதை வெட்டி விட்டாரு. "அடுத்த தடவை நீயே செய்யலாம்மா"ன்னு ரெண்டு திரியும் குடுத்தாரு.

வீட்டுக்கு வந்து சொன்னா அவருக்குக் கோபம். "டயர் எறங்கினா என்கிட்ட கேக்க மாட்டியா? பதினோரு வருசமா அதுக்கு யாரு பஞ்சர் பாத்தா?"

"உங்களுக்கு இடுப்பு வலி. எதுக்குத் தொந்தரவுன்னுதாங்க."

"வாய்க்கும் வலியா?"

வலியில இருக்கிற ஆளு அப்படித்தான் பேசும். நான் மனசுல வச்சுக்கல.

ரெண்டு நாள் கழிச்சு காலையில ஷெட்டைத் தொறக்கிறேன், அதே டயர் சப்பையாக் கெடக்கு. சோப்புத் தண்ணி போட்டேன், சுத்திச் சுத்திப் பாத்தேன், ஒரு குமிழி இல்ல. கால் பம்பால காத்து அடிச்சேன், நாள் முழுக்க நின்னுச்சு. மறுநாள் காலையில மறுபடி சப்பை. சக்கரத்தைக் கழட்டி ஜீப்புல போட்டுப் பாய் கடைக்குக் கொண்டு போனேன். தொட்டியில முக்கிப் பாத்தாரு. ஒண்ணுமில்ல. டயரும் ரிம்மும் ஒட்டுற ஓரத்துல துரு இருந்தா கசியும்னு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினாரு. ரெண்டு நாள் நின்னுச்சு, மூணாம் நாள் சப்பை. வால்வை மாத்தினாரு. சப்பை. கடைசில டியூபே போட்டாரு. டியூப் போட்ட மறுநாளும் சப்பை!

ஜபருல்லா பாய் டயரைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு. "டயர்ல ஒண்ணும் இல்லம்மா. இது தானா எறங்கல. யாரோ பின்னை அமுக்கி விடுறாங்க."

வால்வுக்குள்ள சின்னதா ஒரு பின்னு இருக்கும்க்கா, அதை அமுக்கினா காத்து போயிரும். விட்டுட்டா நின்னுரும். மூடியப் போட்டுட்டா ஒரு அடையாளமும் இருக்காது.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிருச்சு. யாரு? ஷெட்டு பூட்டித்தான் கெடக்கு. சாவி ஒண்ணு இன்னாசி அண்ணன் கொத்துல. இன்னொண்ணு எங்க வீட்டு ஆணியில தொங்கும், அதை விடுங்க. அப்ப யாரு? எனக்கு ஒரே ஒரு பேருதான் வந்துச்சு. ஏன்னா இவரு படுத்ததுமே இன்னாசி அண்ணன் மேனேஜர்கிட்ட போயி, "எம் மருமகன் டிராக்டர் ஓட்டுறவன் சார், அவனைப் போடலாமா"ன்னு கேட்டிருந்தாரு. அதுவும் போக ஒரு நாள் நான் சப்பை டயருக்குக் காத்து அடிக்கிறப்ப சிரிச்சுக்கிட்டே, "என்ன அமலா, நீ ஏறினா அது உக்காந்துருது?"ன்னாரு. விளையாட்டுக்குச் சொன்னதாம். எது விளையாட்டு?

வீட்டுல இவருகிட்ட கேட்டேன். "இன்னாசி அண்ணன்தானே இருக்கும்?"

இவரு கூரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "அவன் எதுக்குச் செய்யப் போறான்?"

"மருமகனுக்குத்தான். வேற யாருக்குங்க நான் வண்டி ஓட்டுறது புடிக்கல?"

"இந்த வேலைய விட்டுரு அமலா. தெனமும் இழுபறி. மறுபடி சமையக்கட்டுக்கே போயிரு"ன்னாரு. என் மேல அவ்வளவு அக்கறை.

நான் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அவரு இன்னாசி அண்ணனை ஆபீஸ் வாசல்ல எல்லாரு முன்னாடியும் நிக்க வச்சுக் கேட்டாரு. அண்ணன் வேர்த்துப் போயி நிக்கிறாரு. "சூசையப்பர் சத்தியமா எனக்குத் தெரியாது சார். அந்தப் புள்ள எனக்குத் தங்கச்சி மாதிரி." கொத்துல இருந்து ஷெட்டுச் சாவியக் கழட்டி என் கையில குடுக்கச் சொன்னாங்க. அவருக்கு வளையம் தொறக்க வரல. நானே வாங்கிக் கழட்டினேன்.

அதுக்கப்புறம் நாலு நாளு டயர் கல்லு மாதிரி நின்னுச்சு. பாத்தீங்களா? நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா? ஸ்கூல் முழுக்க அதே பேச்சு. ராயம்மா சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுற சத்தம் மட்டும் கேக்கும், பேச்சுச் சத்தமே இருக்காது.

ஸ்போர்ட்ஸ் டேக்கு ரெண்டு நாள் முந்தி மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டாரு. "அமலா, அன்னைக்கு மேடையில உனக்கு சால்வை போடுறோம். இனிமே வண்டி உனக்குத்தான், நிரந்தரம். சவரிக்கு இடுப்பு சரியானதும் வேற லேசான வேலை குடுத்துக்கலாம்"னாரு. நான் ஓடியே வந்தேன் வீட்டுக்கு. வாசல்ல இருந்தே கத்தினேன். "ஏங்க, வண்டி நமக்கே!"

"நமக்கா?"ன்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு. சாப்பிடல அன்னைக்கு.

டாக்டர் அவரை ஜூலையில இருந்தே காலையில கொஞ்சம் கொஞ்சமா நடக்கச் சொல்லியிருந்தாரு. நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, கம்பு ஊனிக்கிட்டு வெளிய போயிட்டு வருவாரு. மறுநாளும் போயிட்டு வந்தாரு. நான் டீ போட்டுக் குடுத்துட்டு ஷெட்டுக்குப் போனேன். டயரை அமுக்கிப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. வண்டிய எடுத்துட்டேன்.

பெரிய கிரவுண்டுக்கு மேல ஒரு சரிவு இருக்குக்கா. ஜனங்க உக்காந்து பாக்குற படி கட்டியிருக்காங்கல்ல, அதுக்கும் மேல. சரிவுல எப்பவும் மேலயும் கீழயுமாத்தான் வெட்டணும், குறுக்கே ஓட்டக் கூடாது. ஆனா படியை ஒட்டி ஒரு பட்டை மட்டும் குறுக்கே போயித்தான் ஆகணும், வேற வழி இல்ல. பள்ளம் எனக்கு இடது பக்கம். கீழ பத்தடிக்குக் கல்லுப் படி.

பாதி தூரம் போயிட்டேன். ஸ்டியரிங் லேசா இடது பக்கம் இழுக்குது. ஈரப் புல்லுன்னு நெனச்சேன். வலது பக்கம் திருப்பிப் புடிச்சேன். அப்ப ஒரு சத்தம். "அமலா! நிறுத்து! எறங்கு!"

பாத்தா, எங்க வீட்டுக்காரரு. ரெண்டு மாசமா கம்பு இல்லாம நடக்காத மனுஷன், கம்பு இல்ல, செருப்பு இல்ல, லுங்கியை ஒரு கையில புடிச்சுக்கிட்டு கிரவுண்டு குறுக்கே ஓடி வர்றாரு. "எறங்குடி! மேட்டுப் பக்கம் குதி!"

நான் அவரையே பாத்துக்கிட்டு இருக்கேன். என்னா ஓட்டம்னு. அதுக்குள்ள முன்னாடி இடது பக்கம் பொதுக்குன்னு அமுங்குச்சு. டயர் ரிம்மை விட்டுக் கழண்டிருச்சு. வண்டி மூக்கைத் திருப்பிக்கிட்டுப் பள்ளத்தைப் பாக்கப் போகுது. பிரேக்கை மிதிச்சா புல்லுல அப்படியே வழுக்குது. வலது சக்கரம் ரெண்டும் தரையை விட்டுத் தூக்குறது எனக்கு இடுப்புல தெரியுது. அடியில பிளேடு சுத்துற சத்தம். குதிக்கணும்னு தெரியுது, கை ஸ்டியரிங்கை விட மாட்டேங்குது. விடவே மாட்டேங்குதுக்கா.

எப்படி மேல ஏறி வந்தாருன்னு தெரியல. மேப்பக்கம் மட்கார்டைப் புடிச்சுத் தன் ஒடம்பைத் தொங்கப் போட்டு இழுக்கிறாரு. "சாவி! சாவியத் திருப்பு!" திருப்பினேன். பிளேடு நின்னுச்சு. தூக்கின சக்கரம் தொப்புன்னு தரையில விழுந்துச்சு. வண்டி ஒரு படியில முட்டி நின்னுருச்சு. இவரு அப்படியே புல்லுல மல்லாக்க விழுந்து, இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, வாயத் தொறந்து அழுதாரு. அப்பா செத்தப்பக் கூட அழாத ஆளு.

டீச்சருங்க, பிள்ளைங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க. "புருஷன்னா இப்படி இருக்கணும்"னு சமையக்கட்டு ஆளுங்க சொன்னாங்க. நானும் அதையேதான் நெனச்சேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்து படுக்க வச்சு, முதுகுக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டே கேட்டேன். "ஏங்க, டயர் எறங்குறது எனக்கே தெரியல. சன்னல்ல இருந்து உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

குப்புறப் படுத்திருந்தாரு. தலையணைக்குள்ளயே சொன்னாரு.

"இந்தத் தடவை பின்னை அமுக்கல, அரைச் சுத்துத் திருகி லூசு பண்ணி விட்டேன். நீ வண்டிய எடுக்குறதுக்குள்ள எறங்கிரும்னு நெனச்சேன். எறங்கல. நீ சரிவுல ஏறிட்ட."

ஒத்தடத் துணி என் கையில இருந்துச்சு. சூடு ஆறுற வரைக்கும் அப்படியே வச்சிருந்தேன்.

"எல்லாமே நீங்கதானா?"

"முள்ளு நானில்ல."

"எதுக்குங்க?"

"நீ விழணும்னு நெனக்கல அமலா. வண்டி நிக்கணும்னுதான் நெனச்சேன்."

எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது புரியலக்கா. நான் ஓட்டினா என்ன, அவரு ஓட்டினா என்ன? ஒரே வீடுதானே? நான் அவரை ஒரு வார்த்தை கொறைவாப் பேசினதில்ல. மேனேஜர் சொன்னதைத்தானே வந்து சொன்னேன்?

சரி. இதுக்கு மேலதான் விஷயம். கொஞ்சம் கிட்ட வாங்க, பின்னாடி கேட்டுரப் போகுது.

அன்னைக்குச் சாயந்தரமே மேனேஜர் சார் வீட்டுக்கு வந்தாரு. கையில ஒரு பேப்பர். "உயிருக்கே ஆபத்து வந்திருக்கு. இனி பொறுக்க முடியாது. இன்னாசி சாவிக்கு டூப்ளிகேட் போட்டு வச்சிருக்கான், அது நிச்சயம். உன் பேருல புகார் எழுதி வந்திருக்கேன், கையெழுத்துப் போடு. போலீசுக்கெல்லாம் போகல, வேலைய விட்டு மட்டும் எடுத்துருவோம்"னாரு.

இவரு கட்டில்ல. நான் நாற்காலியில. பேப்பரு நடுவுல ஸ்டூலு மேல. நான் இவரைப் பாத்தேன். இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு பாத்தேன். இவரு என்னைப் பாக்குறாரு. நான் சொல்லிருவேன்னு பயமா, சொல்லணும்னு ஆசையா, எனக்குத் தெரியல. மேனேஜர் பேனாவை நீட்டிக்கிட்டே இருக்காரு. எவ்வளவு நேரம் ஒரு பெரிய மனுஷனைக் கையை நீட்டிக்கிட்டே இருக்க வைக்கிறது?

போட்டுட்டேன்.

என்ன செய்யச் சொல்றீங்க? உண்மையச் சொன்னா புருஷனுக்கு வேலை போகும், வீடு போகும், பொண்டாட்டியைக் கொல்லப் பாத்தான்னு ஊரு பேசும். அவரு கொல்லப் பாக்கல. அது எனக்கு மட்டும்தானே தெரியும்?

இன்னாசி அண்ணன் வீட்டைக் காலி பண்ண ஒரு வாரம் குடுத்தாங்க. சாமானெல்லாம் வேன்ல ஏத்தின பிறகு எங்க வாசலுக்கு வந்தாரு. உள்ள வரல. ராயம்மா வேன் பக்கத்துல நிக்கிது.

"அமலா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் செஞ்சதை நீ பாத்தியா?"

"பாக்கலண்ணே."

"வேற யாரும் பாத்தாங்களா?"

"இல்லண்ணே."

"பின்ன எதை வச்சும்மா கையெழுத்துப் போட்ட?"

நான் உள்ள போயி அண்ணனுக்கு டீ கொண்டு வந்தேன். வர்றதுக்குள்ள வேன் கெளம்பிருச்சு. டீயக் கூடக் குடிக்காமப் போனாரு. அதுல எனக்கு வருத்தம்தான்.

இப்ப எல்லாம் நல்லபடியா இருக்கு. இவருக்கு இடுப்பு தேறிருச்சு. லேசான வேலை குடுக்குறேன்னு சொன்னாங்கல்ல, கேட்டுல வாட்ச்மேனாப் போட்டுட்டாங்க. அந்தச் சாவிக் கொத்து இப்ப இவரு இடுப்புலதான். நாங்க ரெண்டு பேரும் சண்டை போடுறதில்ல. பேசுறதும் கொஞ்சம் கம்மிதான், அவருக்கு இயல்பே அப்படி. இன்னாசி அண்ணனுக்குக் கீழ ஒரு மில்லுல செக்யூரிட்டி வேலைன்னு கேள்விப்பட்டேன். நின்னுக்கிட்டே பாக்குற வேலையாம்.

டயர் அதுக்கப்புறம் எறங்கவே இல்ல. புது டயர், ஏழு மாசமாச்சு, ஒரு முள்ளு கூடக் குத்தல. மேனேஜர் சார் பாக்குற நேரமெல்லாம், "பாத்தியா அமலா, அவன் போனதும் காத்து நிக்குது"ம்பாரு. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நான் தெனமும் காலையில ஷெட்டைத் தொறந்ததும் முதல்ல அந்த டயரைத்தான் பாக்குறேன். ஒரு நாளாவது தானா எறங்கிக் கெடக்கக் கூடாதா? எறங்கினா, "அட, இன்னாசி இல்லாமயும் எறங்குதே"ன்னு அவங்களாவே பேசுவாங்க. நான் வாயத் தொறக்க வேண்டியதில்லையே.

போன வாரம் ஒரு நாள், மூடியத் திருகி எடுத்துட்டு, பின்னு மேல நானே நகத்தை வச்சு அமுக்கினேன். புஸ்ஸுன்னு சத்தம். ஷெட்டு சின்னது பாருங்க, அந்தச் சத்தம் ரொம்பப் பெருசாக் கேட்டுச்சு. வாசல்ல நிழல் விழுந்துச்சு. இவரு. கேட்டை விட்டுட்டு வந்து நிக்கிறாரு. என் விரலைப் பாக்குறாரு. நான் விரலை எடுத்துட்டு, மூடியப் போட்டு இறுக்கிட்டு, வண்டியில ஏறி உக்காந்துட்டேன்.

அவ்வளவு காத்து போனதுக்கெல்லாம் டயர் எறங்காதுக்கா.